கல்லூரியில் செய்த ஃபார்முலா காரை மகன் ஓட்டலாமா?

குலசேகரம்_அப்பா:
வணக்கம். எனக்குக் குலசேகரம் பக்கம் ஊர், கொஞ்சம் ரப்பர் உண்டு. மகன் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறான். கல்லூரியில் இருபது பிள்ளைகள் சேர்ந்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்று செய்கிறார்கள். கூரை கிடையாது, நான்கு சக்கரமும் வெளியே நிற்கும், கேடிஎம் 390 எஞ்சின். ஜனவரியில் கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் என்ற கல்லூரிக் கார் போட்டிக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். இவன் 54 கிலோதான் இருப்பான், அதனால் டிரைவர் இவன்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். அப்பா கையெழுத்துக்காகக் கொண்டுவந்த பேப்பர் நான்கு நாளாக ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது. அவன் அம்மா போனில் ஏதோ ரேஸ் விபத்தைப் பார்த்துவிட்டாள், அதிலிருந்து வீட்டில் பேச்சே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், போடலாமா?

முப்பந்தல்_காற்று:
போடாதீர்கள் அண்ணாச்சி. இருபது வருடமாக ஃபார்முலா ரேஸ் பார்க்கிறவன் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷின் இருக்கும். அதில் இரண்டு உருளையும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றும், அதனால் ஷீட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு ரேஸ் கார்களின் டயர் அப்படியல்ல, இரண்டும் ஒரே பக்கம் சுற்றுகின்றன. முன்னால் போகிற காரின் பின் டயரில் பின்பக்கம் மேலே ஏறிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிற காரின் முன் டயரில் முன்பக்கம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒட்டினால் பின்னால் வந்த டயர் முன்னதன் மேல் தொற்றி ஏறிவிடும், கார் ஆகாயத்தில் போகும். சக்கரத்தை மூடிய காரில் இது இவ்வளவு சுலபமாக நடக்காது.

அதைவிடப் பெரிய பயம் தலை. 2009 ஜூலையில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சில் ஃபார்முலா 2 ரேஸ். வேறொரு கார் சுவரில் மோதி, அதன் சக்கரம் ஒன்று கழன்று வந்து ஹென்றி சர்டீஸ் தலையில் விழுந்தது. 18 வயதுப் பையன், அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அப்பா ஜான் சர்டீஸ் 1964இல் ஃபார்முலா 1 (எஃப்1) உலக சாம்பியன். அந்த அப்பாவாலேயே மகனைக் காப்பாற்ற முடியவில்லை. 2018இல் எஃப்1 கார்களுக்கு டிரைவர் தலையைக் காக்கிற ஹேலோ என்ற டைட்டானியம் வளையம் வந்தது. 2020இல் பஹ்ரைனில் எஃப்1 டிரைவர் குரோஷானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு போய் இரண்டாகப் பிய்ந்து எரிந்தது. ஹேலோ இருந்ததால்தான் அவர் நெருப்புக்குள்ளிருந்து ஏறி வந்தார். உங்கள் மகனுடைய காரில் ஹேலோ உண்டா? கிடையாது.

பழைய_டீம்_கேப்டன்:
அண்ணன் சொன்ன பௌதிகமெல்லாம் சரிதான். ஆனால் இது அந்த வகை ரேஸே இல்லை. நான் நாகர்கோவிலில் படித்தபோது இதே போட்டிக்குக் கார் கொண்டுபோயிருக்கிறேன், இப்போது ஓசூரில் வேலை. ஃபார்முலா ஸ்டூடண்ட் என்கிற இந்த மாணவர் வகைப் போட்டியில் சக்கரத்தோடு சக்கரம் உரசுகிற வேலைக்கே இடமில்லை. ஆக்சிலரேஷன் (நேர் ஓட்டம்), ஸ்கிட்பேட் (எட்டு வடிவ வளைவு), ஆட்டோகிராஸ் (வளைந்த பாதை) எல்லாவற்றிலும் காரைத் தனியாக ஓட்டி நேரம் குறிப்பார்கள். எண்டூரன்ஸ் என்ற 22 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்தில் சில கார்கள் சேர்ந்து ஓடும், அதிலும் முந்துவதற்கென்று தனி இடம் உண்டு. கொடி காட்டினால் முன்னால் போகிறவன் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஓரத்தில் நிற்பது பிளாஸ்டிக் கோன். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியையே 20 மில்லிமீட்டர் துளையாகக் குறுக்கிவிடுவார்கள்.

காரை ஓடவிடுவதற்கு முன்னால் நடக்கிற சோதனை அதைவிடக் கடுமை. தலைக்குப் பின்னால் ஒரு வளையம், ஸ்டியரிங் பக்கம் ஒரு வளையம். இரண்டின் உச்சியிலும் ஒரு கோடு இழுத்தால் ஹெல்மெட் அதற்கு 50 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும், கார் கவிழ்ந்தால் தலை தரையில் படக் கூடாது என்பதற்காக. காரை 60 டிகிரி சாய்ப்பார்கள், மேல்பக்கச் சக்கரம் எழும்பினால் ஃபெயில். பெல்ட், கையுறை, ஹெல்மெட் எல்லாம் போட்டு உட்கார்ந்த டிரைவர் 5 விநாடிக்குள் வெளியே வந்து நிற்க வேண்டும். எங்கள் டீமை முதல் நாள் முழுக்க ஓடவே விடவில்லை, பிரேக் பெடல் பக்கம் ஒரு ஸ்விட்ச் சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அழுதேன். இன்றைக்கு அதை நினைத்தால் மரியாதை வருகிறது.

தக்கலை_புல்லட்:
எதற்கு இவ்வளவு பேச்சு? பையன் தினமும் குலசேகரத்திலிருந்து கல்லூரிக்கு பைக்கில்தானே போகிறான்? எதிரே கேரளா லாரி வருகிற ரோட்டில் போவதைவிட இந்தக் கார் ஆயிரம் மடங்கு பத்திரம். போட்டுக் கொடுங்கள்.

வார்டு_சிஸ்டர்:
தம்பி, இந்தப் பேச்சை நான் தினமும் கேட்கிறேன். விபத்துப் பிரிவில் பதினொரு வருடம் வேலை பார்க்கிறேன். பைக் ஆபத்து என்பதற்காக இன்னொரு ஆபத்து குறைந்துவிடாது. இவன் பைக்கையும் ஓட்டுவான், இதையும் ஓட்டுவான். இரண்டும் கூடத்தான் செய்யும்.

குலசேகரம் அண்ணன், காரைப் பற்றி எனக்குத் தெரியாது, கழுத்தைப் பற்றித் தெரியும். பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலையை யார் பிடிப்பார்கள்? ஹெல்மெட்டின் கனமும் சேர்ந்து தலை முன்னால் பாயும்போது மண்டையோட்டின் அடிப்பாகம் உடையும். 2001இல் அமெரிக்காவில் ரேஸ் டிரைவர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது இப்படித்தான், அவர் ஓட்டியது கூரை உள்ள கார். தோளில் உட்கார்ந்து ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் என்ற சாதனம் 2003இல் எஃப்1க்குக் கட்டாயமானது. பிள்ளைகள் டீமில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள்.

முப்பந்தல்_காற்று:
சிஸ்டர் சொன்னதற்கு நன்றி. கேப்டன் தம்பி, ஒன்று கேட்கிறேன். காரின் மூக்கில் வைக்கிற மோதல் பெட்டியை எந்த வேகத்துக்குச் சோதிக்கிறீர்கள்?

பழைய_டீம்_கேப்டன்:
300 கிலோ எடை, விநாடிக்கு 7 மீட்டர். மோதும்போது வருகிற விசை சராசரி 20 ஜி (புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு) தாண்டக் கூடாது, உச்சம் 40 ஜி.

முப்பந்தல்_காற்று:
விநாடிக்கு 7 மீட்டர் என்றால் மணிக்கு 25 கிலோமீட்டர்! இந்தக் கார் நேர் ரோட்டில் 90 போகும். வேகம் மூன்றரை மடங்கு கூடினால் மோதலின் ஆற்றல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் கூடும். அந்தப் பெட்டி நசுங்கி முடிந்த பிறகு நசுங்குவது பையனுடைய கால். 2017இல் இங்கிலாந்தின் டோனிங்டனில் ரேஸ் ஓட்டிய பில்லி மாங்கருக்கு 17 வயது. ஓடியது முறையான பிரிட்டிஷ் எஃப்4 கார். நின்றுகொண்டிருந்த காரில் மோதி இரண்டு காலும் போயின. விதிப்புத்தகம் இருக்கிறது என்று சொல்லி அப்பாவை ஏமாற்றக் கூடாது.

பழைய_டீம்_கேப்டன்:
ஏமாற்றவில்லை அண்ணன். பெட்டி 25க்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் மோதுவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் மட்டும் ஓட்ட வேண்டும் என்கிறார்கள். காரும் டிராக்கும் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. கூரை இருந்தால் போதும் என்றால் 2023 ஜனவரி 8 அன்று சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கே.இ. குமார் இறந்திருக்கக் கூடாது. அத்தனை அனுபவம் உள்ளவர், ஓட்டியது மூடிய சலூன் கார். ஹேலோ இருந்தால் போதும் என்றால் 2019இல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ஃபார்முலா 2 ஓட்டிய ஆந்துவான் ஹூபேர் இறந்திருக்கக் கூடாது. ஒரு பொருளை மட்டும் காட்டி இது காப்பாற்றும், இது கொல்லும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் குழம்புகிறார்கள். 2024இல் சென்னைத் தீவுத்திடல் சுற்றி இரவில் ஓடியது எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) ஃபார்முலா 4, அதில் ஹேலோ உண்டு. எல்ஜிபி ஃபார்முலா 4 வேறு, அது குழாய்ச் சட்டகம், மாருதி எஞ்சின். கல்லூரிக் கார் இந்த இரண்டிலும் சேராது. பிள்ளை நாளைக்கு "ஃபார்முலா 4 ஓட்டப்போகிறேன்" என்று வந்தால் எந்த 4 என்று கேளுங்கள்.

லேத்_மார்த்தாண்டம்:
இரண்டு பேரும் கோயம்புத்தூரைப் பற்றியே பேசுகிறீர்கள். அங்கே ஓடுவது மூன்று நாள். அதற்கு முன்னால் இரண்டு மாதம் இங்கே ஓட்டிப் பார்ப்பார்களே, அது எங்கே?

போன வருடம் ஒரு கல்லூரிப் பிள்ளைகள் என் பட்டறையில் ஹப் கடைந்துகொண்டு போனார்கள். நல்ல பிள்ளைகள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கட்டன் சாயா குடித்துக்கொண்டு கூடவே நிற்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், திறக்காமல் கிடந்த நான்குவழிச்சாலைத் துண்டில் கார் ஓட்டினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். மூன்றாவது ஓட்டத்தில் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பியின் ராட் எண்ட் (நுனி மூட்டு) போல்ட் கழன்றுவிட்டது. சக்கரம் குறுக்கே திரும்பி, கார் நேராக ஜல்லிக் குவியலில் போய் ஏறியது. பிறகு அந்தப் போல்ட்டை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். அதிர்வில் கழலாத நைலாக் நட் போட வேண்டிய இடத்தில் சாதா நட் போட்டிருந்தார்கள், கடையில் தீர்ந்துவிட்டதாம். ஆறு ரூபாய் நட்.

பையன் கைப்பட்டை கட்டவில்லை. கார் துள்ளியபோது கை வெளியே வீசி மணிக்கட்டு உடைந்தது. பெட்ரோல் சொட்டுகிறது, எல்லோரும் தீயணைப்பானைத் தேடுகிறார்கள், அது கல்லூரி ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. ஒருவன் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தான், நான் கத்தினேன். கடைசியில் லோடு ஆட்டோவில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். தீப் பிடிக்காதது தெய்வச் செயல்.

வார்டு_சிஸ்டர்:
நீங்கள் கத்தியது நல்லது அண்ணன். நெருப்பு இல்லை, மூச்சு விடுகிறான் என்றால் ஹெல்மெட்டைத் தொடவே கூடாது. கழுத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்குக் கூப்பிட வேண்டும். நெருப்பு என்றால் மட்டும் இழுத்து வெளியே போடலாம்.

முப்பந்தல்_காற்று:
நான் ஹேலோ, டயர் என்று பேசிக்கொண்டிருந்தேன். இது என் கணக்கிலேயே வரவில்லை. என் கருத்து மாறவில்லை, நான் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் அண்ணாச்சி போடுவதாக இருந்தால், முதலில் போய்க் காரைப் பார்க்கட்டும்.

பழைய_டீம்_கேப்டன்:
நாங்களும் ஒருநாள் கல்லூரிப் பஸ் நிற்கிற இடத்தில் ஓட்டினோம், பக்கத்திலேயே வேப்பமரம். அதை இங்கே முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

குலசேகரம்_அப்பா:
நேற்று கல்லூரிக்குப் போனேன். மகனுக்குச் சொல்லாமல்தான் போனேன், ஷெட்டில் என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. வளையத்தின் குழாய் 25 மில்லிமீட்டர் விட்டம், 2.5 தடிமன் என்று காட்டினார்கள். தடிமனை அளப்பதற்கென்றே அதில் 4.5 மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டிருக்கிறார்கள். வெல்டிங் கண்ணுக்கு நன்றாக இருந்தது, எனக்கு அதற்குமேல் தெரியாது. அந்த 5 விநாடியைச் செய்து காட்டு என்றேன். எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நான் போனில் நேரம் பார்த்தேன். பெல்ட் உடனே கழன்றது, ஸ்டியரிங் கழலவில்லை. இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி இழுத்து வெளியே வந்தபோது 11 விநாடி. யாரும் பேசவில்லை. அவனுக்கு மூச்சு வாங்கியது.

பொறுப்பு ஆசிரியரிடம் பேசினேன். ஓட்டிப் பார்ப்பது கல்லூரி மைதானத்தில் மட்டும், கோன் வைத்து, அணைப்பானோடு இரண்டு பேர் நின்றால்தான் என்று எழுதித் தரச் சொன்னேன். திங்கட்கிழமை தருகிறேன் என்றார். சிஸ்டர் சொன்ன ஹான்ஸ் அவர்களிடம் இல்லை, விலை விசாரிக்கிறார்கள், கொஞ்சம் நானும் போடுகிறேன். பேப்பர் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது.

மார்த்தாண்டம் அண்ணாச்சி, அந்த ஸ்டியரிங் கழற்றுகிற காலரை மகனிடம் கொடுத்துவிட்டால் பார்த்துத் தருவீர்களா?

லேத்_மார்த்தாண்டம்:
வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்புங்கள். காலரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஷாஃப்டையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ராட் எண்ட் போல்ட் எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வரட்டும், நைலாக் நட் நான் வாங்கி வைக்கிறேன்.