8 மாச லேப் நொண்டுறான், யாராவது சொல்லுங்க
வணக்கம். எங்க லேப்ரடார் கருப்பனுக்கு 8 மாசம், 29 கிலோ. மூணு வாரமா காலையில எழுந்ததும் முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். போன வாரம் இடது, இப்போ வலது. எலும்பு நடுவுல அமுக்கினா வெடுக்குனு இழுத்துக்கிறான். பக்கத்து டாக்டர் கால்சியம் டானிக் எழுதினார். வளர்ற பெரிய இனக் குட்டிக்குக் கூடுதல் கால்சியமே எலும்பைக் கெடுக்கும்னு படிச்சேன், நிறுத்திட்டேன். கால் மாறி மாறி நொண்டினா பானோஸ்டைடிஸா (வளர்ற குட்டிகளுக்குக் கால் எலும்புல வர்ற அழற்சி) இருக்கலாம், வளர வளரத் தானா சரியாகுமாம். முழங்கை மூட்டுக் கோளாறுன்னா தள்ளிப்போடக் கூடாது. அதான் பயம்.

வேப்பேரி கால்நடைக் கல்லூரியில எக்ஸ்ரே எடுத்தவங்க இருக்கீங்களா? மயக்க மருந்து கொடுத்தாங்களா? வழுக்குற டைல்ஸ்ல என்ன விரிச்சீங்க? நான் சாக்கு போட்டேன், கடிச்சுக் குதறிட்டான்.