ஜெப நோட்டில் பேர் கூடிக்கொண்டே போகிறது, என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஒரு யோசனை வேண்டும். ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், யாராவது "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றால் பேரை எழுதிவிடுவேன், இப்போது 63 பேர் ஆகிவிட்டது, வாசித்து முடிப்பதற்குள் சின்னவன் தூங்கிவிடுகிறான், எனக்கே ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. நாளுக்கு 9 பேர் என்று பிரித்தும் பார்த்தேன். ஆபரேஷன் புதன்கிழமை என்றால் அவர் பேர் சனிக்கிழமையில் கிடக்கிறது.

அதைவிட உறுத்துவது வேறு. போன வாரம் பழைய பக்கங்களைப் புரட்டினேன். வேலை கிடைத்தவர்கள், சுகமாகி வீடு திரும்பியவர்கள் என்று 14 பேர், ஒருவருக்காகக்கூட நான் நன்றி சொல்லவில்லை, பேரை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன். பைபிளில் லூக்கா 17-ல் இயேசு சுகமாக்கிய 10 குஷ்டரோகிகளில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான், அவனும் யூதர்கள் அந்நியனாக ஒதுக்கிய சமாரியன். நான் மற்ற 9 பேரோடு. பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் (4:6) அப்போஸ்தலன் பவுல் விண்ணப்பத்தையும் ஸ்தோத்திரத்தையும், அதாவது நன்றியையும், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார், எனக்குத்தான் இரண்டும் ஒட்ட மாட்டேன் என்கிறது.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? நன்றிக்குத் தனி நோட்டா, அதே பக்கமா? அப்புறம், குணமாகாமலே போய்ச் சேர்ந்தவர்களின் பேரை என்ன செய்வீர்கள்? அடிக்கக் கை வரவில்லை. வசனம் அனுப்ப வேண்டாம், உங்கள் வீட்டில் நடப்பதை அப்படியே எழுதுங்கள்.