நாய்க்குட்டிக்கு 72 மணி நேர கேரண்டி: யாருக்குப் பாதுகாப்பு?

ரசீதுப்புலி:
லேப்ரடார் குட்டி விற்கிற ஒப்பந்தங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது: "எடுத்துச் சென்ற 72 மணி நேரத்துக்குள் பார்வோ வந்தால் மாற்றுக் குட்டி தரப்படும். பணம் திருப்பித் தரப்படமாட்டாது." பார்வோ என்பது குடலைத் தாக்கும் வைரஸ் நோய். அது தொற்றிய குட்டிக்கு வாந்தியும் ரத்தபேதியும் தெரிய பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். டிஸ்டம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் என்றால் வாரக்கணக்கு. குட்டி பிறந்து வளர்ந்த கெனலிலேயே தொற்றியிருந்தாலும், கேரண்டி முடிந்த மறுநாள்தான் அது சாப்பாட்டை ஒதுக்கலாம். 14 நாளுக்குக் குறைந்த எந்த கேரண்டியும் வெறும் காகிதம்.

ஈத்துக்கணக்கு:
14 நாள்ல குட்டி எங்கெல்லாம் போகும்னு யோசிங்க சார். முதல் நாளே தெருவில இறக்கி விட்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவாங்க. கிளினிக் தரையில விடுவாங்க. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி குறையிற வயசு அது. ஊசித் தொடர் முடிய 16 வாரம் ஆகும். வெளியில தொத்தினதுக்கு குட்டி வளர்த்து விக்கிற பிரீடர் எதுக்குக் காசு கட்டணும்?

ரசீதுப்புலி:
அப்படியானால் நாளைப் பிரித்து எழுதுங்கள். முதல் 3 நாளுக்குள் அறிகுறி வந்தால் முழுப் பொறுப்பும் பிரீடருக்கு. 4 முதல் 7 நாள் வரை வைத்தியச் செலவில் சரிபாதி. அதற்குப் பிறகு, அதே ஈத்தில் பிறந்த இன்னொரு குட்டிக்கும் வந்திருந்தால் மட்டும் பிரீடர் பொறுப்பு. ஒரு குட்டிக்குப் பார்வோ என்று தெரிந்தால் 24 மணி நேரத்தில் மற்ற வீடுகளுக்கும் சொல்லியாக வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

ஊசிமருந்து:
மாற்றுக் குட்டி என்பதே ஆபத்து, இரண்டு பேரும் அதை விட்டுவிட்டீர்கள். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் சாகாது. தரையைக் கழுவிவிட்டு, 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிட வேண்டும். மண் தரைக்கு அதுவும் உதவாது. ஊசித் தொடர் முடியாத இரண்டாவது குட்டியை அதே வீட்டில் விட்டால் அதற்கும் வரலாம். "பணம் அல்லது வைத்தியச் செலவு, வாங்கியவர் விருப்பப்படி" என்று எழுதுங்கள்.

மலத்தில் பார்வோ இருக்கிறதா என்று பார்க்கும் கிட் பரிசோதனையிலும் ஒரு சிக்கல். ஊசி போட்ட சில நாட்களில் தடுப்பூசி வைரஸே மலத்தில் வெளியேறும், கிட்டில் மங்கலான கோடு விழலாம். அதைக் காட்டி "ஊசியால வந்த கோடு" என்று பிரீடர் வாதாடுவார். தடுப்பூசிப் புத்தகத்தில் தேதியோடு மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கும். பேனாவால் எழுதிய "டிஹெச்பிபி, 45 நாள்" (பார்வோ, டிஸ்டம்பர் எல்லாம் சேர்ந்த தடுப்பூசி) எதற்கும் சாட்சி ஆகாது.

ஈத்துக்கணக்கு:
ஸ்டிக்கர், பணம் ரெண்டும் சரி. ஆனா வாங்குறவங்க இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு 2 வருஷ கேரண்டி கேட்கிறது அநியாயம். பல ஜீன் சேர்ந்து வர்ற கோளாறு அது. தாய் தகப்பன் எக்ஸ்ரே சுத்தமா இருந்தாலும் குட்டிக்கு வரலாம். அளவுக்கு மீறி ஊட்டி எடை ஏத்தினா இன்னும் மோசம்.

ரசீதுப்புலி:
அந்த 2 வருஷத்தில்தான் தந்திரமே. நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயை மதிப்பிடும் அமெரிக்காவின் ஓஎஃப்ஏ அமைப்பு இறுதிச் சான்று 24 மாதம் முடிந்த பிறகுதான் தருகிறது. கேரண்டியோ 24-ஆம் மாதத்தில் முடிகிறது! "எந்த வயதில் எடுத்த எக்ஸ்ரேயும் செல்லும், 26 மாதம் வரை" என்று எழுதினால் சரி. அதைவிட, பெற்ற இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் முன்பணத்துக்கு முன்பே கேளுங்கள். இந்திய கென்னல் கிளப்பின் கேசிஐ சான்று வம்சாவளியைத்தான் சொல்லும், உடல்நலத்தை இல்லை.

ஊசிமருந்து:
15 இலக்க மைக்ரோசிப் எண் ஒப்பந்தத்திலும் மருத்துவ அறிக்கையிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் "இது எங்க குட்டியே இல்லை" என்பார்கள். குட்டி இறந்தால் ஐஸில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்த திசுவில் பிரேதப் பரிசோதனை தெளிவாக வராது.

ஈத்துக்கணக்கு:
45 நாள் குட்டின்னா எந்த கேரண்டியும் பேசாதீங்க. 8 வாரத்துக்கு முன்னாடி விக்கக்கூடாதுன்னு நாய் விற்பனைக்கான 2017 விதியே இருக்கு. அதை மீறுறவன் எழுதிக் குடுத்த காகிதத்தை நம்பி என்ன பண்றது?

ரசீதுப்புலி:
அந்தக் காகிதத்தையும் கிழிக்க வேண்டாம். குறைபாடுள்ள பொருள் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், குறிப்பில் சிப் எண்ணைப் போடுங்கள்.