ஆப் கூடக் கூட போன் மெதுவாகுமா?

மின்மினி:
ஆண்ட்ராய்டு போன், 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். புதிதில் தொட்டதும் திறக்கும். இப்போது தட்டச்சு செய்யத் தொட்டால் கீபோர்டு மேலே வரவே தயங்குகிறது. நூற்றுக்கும் மேல் ஆப் இருக்கின்றன, பாதியைத் திறந்தே மாதக்கணக்காகிறது. எல்லாவற்றையும் நீக்கினால் சரியாகுமா? கிளீனர் ஆப் ஒன்றும் போட்டுப் பார்த்தாயிற்று, பலனில்லை.

குறிஞ்சி:
எண்ணிக்கையை விடுங்கள். சும்மா கிடக்கும் ஆப் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பவைதான் ரேமையும் பிராசசரையும் தின்னும். அதற்கும் 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே கடிவாளம் உண்டு. ஆண்ட்ராய்டு 12 என்றால், மாதக்கணக்கில் திறக்காத ஆப்பை அதுவே உறங்க வைத்துவிடும். ஸ்டோரேஜில் எவ்வளவு காலி?

மின்மினி:
2 ஜிபிகூட இல்லை.

குறிஞ்சி:
சரி, என் சந்தேகம் அங்கேதான். போனின் ஸ்டோரேஜ் ஃபிளாஷ் மெமரி வகை, அதில் பழையதன் மேலேயே எழுத முடியாது. ஒரு பிளாக்கை, அதாவது மெமரியின் ஒரு பகுதியை, முழுசாக அழித்த பிறகுதான் அதில் புதிதாக எழுத முடியும். காலியிடம் குறைந்தால், இருக்கும் டேட்டாவை அங்குமிங்கும் நகர்த்தித்தான் இடம் பண்ண வேண்டும். கேஷ் (தற்காலிகமாகச் சேமிக்கும் டேட்டா), டேட்டாபேஸ் என்று ஆப்கள் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் அங்கே காத்திருக்கும். ஆப்பை நீக்குவதைவிட, சாட்டில் வந்து குவிந்த வீடியோக்களை அழித்தால் சீக்கிரம் இடம் கிடைக்கும். ஐந்தாறு ஜிபியாவது காலியாகட்டும். அப்புறம் ஓர் இரவு சார்ஜில் போட்டுத் தொடாமல் விடுங்கள். அழித்த இடத்தைச் சீர்செய்யும் வேலையைப் போன் ஓய்வாக இருக்கும்போதுதான் பார்க்கும்.

ஆலமரம்:
முதலில் அந்தக் கிளீனரைத் தூக்குங்கள். அது ஓடும் ஆப்களை நிறுத்தும், அவை மறுபடி முதலிலிருந்து கிளம்பும். பேட்டரிக்கும் கேடு. போகிற போக்கில் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்றும் பாருங்கள். திரையில் நடப்பதையெல்லாம் கவனிக்கும் ஆப் அங்கே இருந்தால் எதைத் தொட்டாலும் இழுக்கும்.

இன்னொன்று, சேஃப் மோடில் ஓட்டிப் பாருங்கள். பல போன்களில் பவர் ஆஃப் பட்டனைத் திரையில் அழுத்திப் பிடித்தால் கேட்கும். அதில் நீங்கள் ஏற்றிய ஆப் எதுவும் ஓடாது. அங்கேயும் மந்தம் என்றால் ஆப்களைக் குறை சொல்ல வேண்டாம்.

மின்மினி:
சேஃப் மோடில் கீபோர்டு உடனே வருகிறது! அக்சஸிபிலிட்டியில் கிளீனரும் ஒரு தீம் ஆப்பும் இருந்தன. இரண்டையும் நீக்கியதில் பாதிக்கு மேல் சரி. வீடியோக்களை இனிதான் அழிக்க வேண்டும். போனோடு வந்த, நீக்க முடியாத ஆப்களை என்ன செய்வது?

ஆலமரம்:
டிசேபிள் செய்யுங்கள், ஓடாது. ஆனால் அப்டேட்டும் டேட்டாவும் பிடித்த இடம் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும். மூல ஆப் சிஸ்டம் பகுதியிலேயே இருக்கும். பெயர் புரியாத சிஸ்டம் ஆப்பை மட்டும் தொடாதீர்கள்.