கொட்டான் முடையும் அத்தையும் என் குரோமோசோம் ஸ்லைடுகளும்

பள்ளத்தூரில் யாரிடமாவது ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறேன் என்று சொன்னால், உடனே "செக்ரியிலயா?" என்பார்கள். காரைக்குடிப் பக்கத்தில் ஆராய்ச்சி என்றாலே 1953-இல் திறந்த அந்த மின்வேதியியல் நிறுவனம்தான் நினைவுக்கு வரும். இல்லை, சென்னையில், கதிர்வீச்சு உயிரியல் என்பேன். அடுத்த கேள்வி கொஞ்சம் தாழ்ந்த குரலில் வரும்: "அது உடம்புல ஒட்டிக்கிடாதா?" எனக்குப் பார்த்த ஒரு வரன் இந்தக் கேள்வியோடு நின்றுபோனது. அப்பத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒட்டாது. காமா கதிர் பட்ட பொருள் கதிர்வீசும் பொருளாக மாறிவிடாது. சட்டையில் குத்தியிருக்கும், எங்கள் மேல் படும் கதிரைப் பதிவு செய்யும் பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி அளந்து வாங்குகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. என் பேட்ஜில் இதுவரை சொல்லும்படி எதுவும் பதிவானதில்லை.

என் வேலை எண்ணுவது. நல்ல ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் கொஞ்சம் வாங்கி, கோபால்ட்-60 வைத்த காமா சேம்பரில் அளவாகக் கதிர் கொடுத்து, 37 டிகிரியில் 48 மணி நேரம் வளர்ப்போம். வெள்ளணுக்கள் பிரியப்போகும் நேரத்தில் கோல்சிசின் போட்டு அப்படியே நிறுத்தி, ஸ்லைடில் சொட்டி, ஜிம்சா சாயம் ஏற்ற வேண்டும். மைக்ராஸ்கோப்பில் ஊதா நிறத்தில் குரோமோசோம்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் இடுப்பு மாதிரி ஒரே ஒரு ஒடுக்கம்தான் இருக்க வேண்டும். இரண்டு குரோமோசோம்கள் அறுந்து, முனை மாறி ஒட்டிக்கொண்டால் ஒன்றிலேயே இரண்டு இடுப்பு தெரியும். அதற்கு டைசென்ட்ரிக் என்று பெயர். கதிர் படாத ரத்தத்தில் ஆயிரம் செல்லுக்கு ஒன்று தென்பட்டால் உண்டு. அதனால் குறைந்த டோஸ் என்றால் ஒரு ஸ்லைடு வரிசைக்கே ஆயிரம் செல் பார்த்தாக வேண்டும். எது எந்த டோஸ் என்று தெரியாதபடி ஸ்லைடுகளுக்குக் குறியீடு போட்டுத்தான் தருவார்கள்.

இந்தப் படிப்புக்கு வர நினைப்பவர்கள் சேருவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: கதிர் தரும் சோர்ஸ் உங்கள் இடத்திலேயே இருக்கிறதா, எவ்வளவு பழையது? கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 வருடம், அதாவது அதற்குள் அதன் கதிர் பாதியாகிவிடும். நான் சேர்ந்தபோது ஒரு குழாய்க்கு ஆன நேரம் இப்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது. இரண்டாம் வருடம் இதில்தான் சறுக்கினேன். எந்த டோஸுக்கு எவ்வளவு நேரம் என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை ஒரு வருடம் பழையது. தேதியைப் பார்க்காமல் நேரம் வைத்துவிட்டேன். 4 கிரே (கிரே என்பது உள்வாங்கிய கதிரின் அளவு) என்று எழுதிய குழாய்களுக்கு 3.5 தான் போயிருந்தது. கணக்கைத் திருத்திக்கொள்ளலாம் என்றார் கைடு. ஆனால் அவற்றோடு ஒப்பிட வேண்டிய குழாய்கள் சரியான 4 கிரேயில் இருந்தன. ஆறு வார வேலையைத் திரும்பச் செய்தேன். ரத்தம் தந்தவர்களிடம் மறுபடி போய்க் கை நீட்டச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் அத்தை. அப்பாவின் அக்கா. மார்பில் கட்டி, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து மதுரையில் கதிர் சிகிச்சை ஆரம்பித்தார்கள். தினம் 2 கிரே, 25 சிட்டிங். சனி ஞாயிறு விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிடுவார். இரண்டாவது வாரம் நான் போயிருந்தேன். வளவில் எல்லோருக்கும் இலை போட்டிருந்தது. அத்தைக்கு மட்டும் பின்கட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பயம்தான். நான் போய் அத்தையின் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டேன். எனக்கு அழுகை வந்தது. கருவி நின்ற நொடியே கதிரும் நின்றுவிடுகிறது, அத்தை உடம்பில் எதுவும் தங்காது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். (தைராய்டுக்கு அயோடின்-131 குடித்தவர்கள் சில நாள் தள்ளி இருக்க வேண்டும். அது வேறு சிகிச்சை.)

அன்று மாலை அத்தை ஓலைக் கூடையான கொட்டான் முடைந்துகொண்டே கேட்டார்: "ஏத்தா, மொத்தமா ஒரே நாள்ல குடுத்து முடிச்சா என்ன? எதுக்கு அஞ்சு வாரம் இழுக்குறாங்க?"

செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்ற இரட்டை இழையைப் பற்றிச் சொன்னேன். 1 கிரே பட்டால் ஒரு செல்லில் ஆயிரம் இடத்தில் ஒற்றை இழை அறும், நாற்பது இடத்தில் இரண்டு இழையும் சேர்ந்து அறும். அத்தை கையிலிருந்த ஓலையைக் காட்டினார்.

"ஒண்ணு அறுந்தா பக்கத்து ஓலையப் பாத்துச் சொருகிப்புடுவேன். ரெண்டும் ஒரே எடத்துல போச்சுன்னா எது எங்க போகணும்னே தெரியாது. மாத்திச் சொருகிட்டா கோணிக்கும்."

அந்தக் கோணலைத்தான் நான் வருடக்கணக்காக எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரே தடவையில் 4 கிரே கொடுத்த ரத்தத்தை விட, ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு 2, 2 ஆகக் கொடுத்த ரத்தத்தில் டைசென்ட்ரிக் குறைவு. நடுவில் செல் தன்னைத் தைத்துக்கொள்கிறது. நல்ல செல்லுக்கு அந்த அவகாசம் கிடைக்கத்தான் அத்தைக்கும் ஒரு நாளைக்கு ஒரு சிட்டிங். புற்றுச் செல்லுக்கு அந்தச் சொருகல் அவ்வளவு நன்றாக வராது. இதைச் சொன்னதும் அத்தை, "அப்ப இடையில நிறுத்தக்கூடாதுல்ல" என்றார். நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் சொன்னார். அக்குள் பக்கம் தோல் கறுத்து எரிந்திருக்கிறது, யாரிடமும் காட்டவில்லை. திங்கட்கிழமை நானும் மதுரைக்குப் போய் டாக்டரிடம் காட்டி, தடவ மருந்து வாங்கி வந்தோம்.

25-உம் முடிந்தது. என் ஸ்லைடு பெட்டிகள் இப்போது அத்தை முடைந்த கொட்டானில்தான் இருக்கின்றன. போன மாதம் அத்தையிடமிருந்து போன். எங்கள் தெருவில் இன்னொருவருக்குச் சிகிச்சை தொடங்கப்போகிறதாம். "நீ அன்னிக்குச் சொன்னியே, ஓலைக் கணக்கு, அத ஒரு தாள்ல பெரிய எழுத்தா எழுதி அனுப்பு. தட்டு வெசயத்தையும் மேல எழுதிரு."