வலைப்பதிவை இலக்கியம் எனலாமா?

கேள்வி:
என் வலைப்பூவில் ஆறாண்டுகளாக எழுதியவற்றை நூலாக்க ஒரு பதிப்பாளர் முன்வந்திருக்கிறார். தேதிகளையும் பின்னூட்டங்களையும் நீக்கினால்தான் அவை “கட்டுரை” ஆகும் என்பது அவர் கருத்து. அப்படியானால் இப்போது இருக்கும் வடிவில் அவை இலக்கியம் இல்லையா? வலைப்பதிவு ஓர் இலக்கிய வகையா, வெறும் வெளியீட்டு முறையா?

மறுமொழி 1:
வெளியீட்டு முறைதான். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் கல்கி இதழில் தொடராக வந்தது என்பதற்காக வார இதழை இலக்கிய வகை என்று எவரும் சொல்வதில்லை. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 முதல் 2020 வரை அவருடைய இணையதளத்தில் தொடராக வெளிவந்து, 26 நாவல்களாக நிறைவுற்றது. அதையும் நாவல் என்றே சொல்கிறோம்.

மறுமொழி 2:
முன்னவர் காட்டிய இரண்டும் நாவல்கள் என்பதால், கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது. தேதியிட்ட அன்றாடப் பதிவு அந்த வடிவிலேயே இலக்கியமாக நிற்குமா என்பதல்லவா ஐயம்? புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவும் வணிகக் கணக்கும் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயுடன் நடந்த உரையாடலும் அன்றைய பேச்சுத்தமிழ் கலந்த நடையில் அடுத்தடுத்து வருகின்றன. வரலாற்றுச் சான்று தேடிப் போனவர்களையும் அந்த நடை பிடித்து நிறுத்திவிடுகிறது. நாளை நடக்கப்போவது அறியாமல் இன்று எழுதுகிறவரின் பதற்றம் அதில் இருக்கிறது. தேதியை எடுத்துவிட்டால் அதுவும் போய்விடும்.

வலைப்பதிவு இதனினும் ஒருபடி விலகியது என்பேன். காலையில் எழுதியதற்கு மாலைக்குள் மறுப்பு வருகிறது. அடுத்த பதிவின் போக்கை அந்த மறுப்பே மாற்றிவிடுகிறது. நாட்குறிப்புக்கும் கடிதத்துக்கும் இடைப்பட்ட உரைநடை இது. (கைத்தட்டலுக்காகவே எழுதும் நோயும் இங்கிருந்துதான் தொற்றுகிறது.)

மறுமொழி 3:
ரிவர்பெண்ட் என்ற புனைபெயரில் பாக்தாத் பெண் ஒருவர் 2003இல் தொடங்கிய ஆங்கில வலைப்பதிவை இங்கே நினைக்கலாம். மின்வெட்டும் தண்ணீர்த் தட்டுப்பாடும் வீட்டுப் பேச்சுமாகப் போரை எழுதிய அப்பதிவுகள் 2005இல் நூலாயின. அவை பதிவுகளாகவே படிக்கப்பட்டன. எனினும் எல்லாப் பதிவும் இலக்கியமாகிவிடாது. செப்பனிட ஆசிரியர் இல்லாத இடத்தில், எழுதியவரே தம் சொற்களை இரக்கமின்றி வெட்ட வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் அதைச் செய்வதில்லை.

கேட்டவர்:
நன்றி. தேதிகளை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பின்னூட்டங்களுள் என் கருத்தை மாற்றியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, பாராட்டுகளை நானே நீக்கிவிடுகிறேன்.