நாற்றுகள் அடித்தண்டு மெலிந்து சாய்கின்றன: தண்ணீர் குறைவா, அதிகமா?

கேள்வி (மதுரை, மாடித்தோட்டம்)

வணக்கம். ஆடிப்பட்டத்துக்காக இரண்டு குழித்தட்டுகளில் கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) நிரப்பி, ஒன்றில் கத்தரியும் மற்றொன்றில் மிளகாயும் விதைத்தேன். இரண்டும் பத்து நாட்களுக்குள் நன்றாகவே முளைத்தன. ஆனால் வித்திலைகள் விரிந்த சில நாட்களில், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல்போல் மெலிந்து, இலையின் பசுமை மாறுவதற்கு முன்பே நாற்றுகள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. மேற்பரப்பு வெளிறிக் காய்ந்து தெரிவதால் காலையும் மாலையும் பூவாளியால் நீர் விடுகிறேன்; இரவில் பிளாஸ்டிக் தாளால் மூடியும் வைக்கிறேன். கத்தரித் தட்டின் 98 குழிகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. நீர் போதவில்லையா, அல்லது இது நோயா?

மறுமொழி (கோயம்புத்தூர்)

தாங்கள் விவரிப்பது நாற்றழுகல் நோய். பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரியே இதற்கு முதன்மையான காரணம். அதன் வித்துகள் நீரில் நீந்திப் பரவக்கூடியவை என்பதால், எப்போதும் நனைந்தே இருக்கும் தட்டு அதற்கு மிகவும் உகந்த இடமாகிவிடுகிறது. கோகோபீட்டின் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து நிறம் வெளிறினாலும் உள்ளே ஈரம் வெகுநேரம் தங்கும். எனவே நிறத்தைப் பார்த்து நீர் விடுவதுதான் இங்கே நேர்ந்த பிழை என்று நினைக்கிறேன். தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள்: கனமாக இருந்தால் நீர் வேண்டாம், இலேசாக இருந்தால் மட்டும் காலையில் விடுங்கள். மாலை நீரையும் இரவு மூடாக்கையும் இன்றே நிறுத்துங்கள். முளை வெளிவந்தபின் மூடாக்கு தேவையே இல்லை.

சாய்ந்தவை பிழைக்கா, அவற்றை அக்குழியின் கோகோபீட்டோடு சேர்த்து அகற்றிவிடுங்கள். எஞ்சியவற்றின் வேர்ப்பகுதியில், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சைக்கொல்லி கலந்த நீரை ஒருமுறை ஊற்றலாம்.

மறுமொழி (தஞ்சாவூர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் மருந்துக்கு முன், நன்மை செய்யும் பூஞ்சையை விதையில் பூசி விதைக்கும் விதை நேர்த்தியைத்தான் வலியுறுத்துவேன். கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்னும் அப்பூஞ்சையின் பொடி 4 கிராம் என்பது பரிந்துரை. நமக்குத் தேவைப்படும் சிறிதளவு விதைக்கு, விதையின் மேல் மெல்லியதாகப் படியும் அளவே போதும். பழைய தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைத்த பின்பே மறுபடி பயன்படுத்துங்கள். ஒரு குழிக்கு ஒரு விதைக்கு மேல் இடாதீர்கள். நெருக்கமாக நிற்கும் நாற்றுகளிடையே காற்று புகாமல் ஈரம் தேங்கும். பூவாளிக்கு மாற்றாக, தட்டை ஆழமில்லாத நீரில் வைத்து, மேற்பரப்பு கருத்ததும் எடுத்து வடியவிடும் முறையில் தண்டின் அடி நனைவது வெகுவாகக் குறையும்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பின்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மிளகாயில் எஞ்சியவை தப்பிவிட்டன. கத்தரியை விதை நேர்த்தி செய்து மீண்டும் விதைத்தேன். தட்டைத் தூக்கிப் பார்த்துக் காலையில் மட்டுமே நீர் காட்டியதில், இம்முறை இரண்டே நாற்றுகள் சாய்ந்தன. மற்றவற்றில் இரண்டாம் உண்மை இலை (வித்திலைகளுக்குப் பின் வருவது) வந்துள்ளது. எப்போது தொட்டிக்கு மாற்றலாம்?

மறுமொழி (தஞ்சாவூர்)

தண்டு சற்று முற்றிவிட்டால் இந்நோய்க்கு அவ்வளவாக ஆட்படாது. இக்கட்டான கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். கத்தரியை விதைத்த 30 முதல் 35 நாட்களிலும், மிளகாயை 40 நாட்களை ஒட்டியும் மாற்றுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நீரைச் சற்றுக் குறைத்து, வெயிலில் வைக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நடவை மாலையில் செய்யுங்கள்.